இரண்டாவது ஆள்

அவர் எதைப் பிடித்தாலும் ஆட்காட்டி விரல் மட்டும் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையோ, குடையோ, வாசல் சாவியோ, மற்ற விரல்கள் எல்லாம் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒன்று மாத்திரம் பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். ஏதோ வாதம் பிடித்த விரல் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பாவம், இந்த வயதில் தனியாக இருந்து சமைக்கிறாரே என்று அந்த விரலைப் பார்த்துத்தான் அவர் மேல் எனக்கு முதல் இரக்கம் வந்தது.

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் அவருடைய வீட்டின் மேல் அறையை வாடகைக்குக் கேட்டுப் போன நாள் அது. எவ்வளவு சம்பளம், எத்தனை பேர், மீன் பொரிப்பீர்களா என்றுதான் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். இவர் என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, நீர் நித்திரையில எழும்பி நடக்கிறனீரோ?"

"இல்லை ஐயா."

"குடிக்கிறனீரோ?"

"ஐயோ, இல்லை."

"மனம் எப்பிடி? கோவிக்காதையும். எல்லாரிட்டையும் கேக்கிறதுதான்."

"கொஞ்சம் கவலைப்படுவன் ஐயா. காஸ் நூத்தனானோ, கதவு பூட்டினனானோ எண்டு திரும்பத் திரும்பப் போய்ப் பாப்பன். அவ்வளவுதான்" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அது நோய் வருத்தமில்லை. அது ஒழுங்கு" என்றார். அன்றைக்கே சாவியைத் தந்துவிட்டார். சாவியைக் கையில் தரவில்லை. மேசையில் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். கத்தி, கத்தரிக்கோல், சூடான சட்டி எல்லாமே அவர் வீட்டில் அப்படித்தான். ஒருவர் வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். கைக்குக் கை கிடையாது.

என் காலம் அப்போது எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து வருட விசா முடிந்து, நிரந்தர விசாவுக்குப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி விழுந்தாலும் எல்லாம் போய்விடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பஸ்ஸில் பயணக் கார்டைத் தட்டியபோது சத்தம் கேட்காவிட்டால் இறங்கி வீடு வந்து சேரும்வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பெரிய சட்டிகள் கழுவுவது, தட்டு அடுக்குவது. மூன்று மணிக்கு வீடு வந்துவிடுவேன்.

வந்ததும் ஒரு கட்டளை இருந்தது. வாசல் கதவைத் திறந்தவுடன், உள்ளே கால் வைக்கும் முன் "நான்தான்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து "ஓம், வாரும்" என்று அவர் குரல் வரும். அதன் பிறகுதான் நுழையலாம். பக்கத்து வீட்டு ஜமேக்காக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டாள். எனக்கு வந்த பார்சலைத் தர வரும்போது "நாந்தான்!" என்று கத்துவாள். "ஓம், வாரும்" என்று அவரும் சிரிக்காமல் பதில் சொல்வார்.

அவரோடு இருந்ததில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. என் வாழ்நாளில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். ஒரு தரம் பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள் என்று. அவர் சிரிக்கவில்லை. "காஸ் நூத்திட்டன் ஐயா" என்று நான் சொன்னாலும் எழும்பிப் போய்த் தானும் பார்ப்பார். எனக்கு முதலில் அது மனத்தாங்கலாக இருந்தது.

"என்னில நம்பிக்கை இல்லையோ?"

"அது வேற, இது வேற. நீர் பாத்தது உம்மட பார்வை. நான் பாக்கிறது என்ர பார்வை. வெறுமை எண்டு ஒருத்தர் சொல்லித் தந்தாலும், வாங்கிறவன் துறந்து பாக்கவேணும்."

"எதைத் துறந்து?"

"எதையும்தான்" என்றார்.

எதைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது மீன்கடையில்தான். நம்முடைய ஆட்கள் மீன் வாங்கப் போகிற கடை அது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்காரர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நகை முழுவதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கடை முழுக்க அதே கதை. ஒருவர் கட்டிலுக்கடியில் கிரிக்கெட் மட்டை வைத்திருக்கிறாராம். இன்னொருவர் மிளகாய்த்தூள். மீன் வெட்டுகிறவருக்கு வாய் சும்மா இராது.

"எங்கட ஐயா வீட்டுக்குக் கள்ளன் வந்தா, கள்ளன்தான் பாவம். அமெரிக்காவில இருந்து வந்த மனுசன். சுடுற சாமான் ஏதும் கொண்டுவந்தனீங்களோ ஐயா?"

"ஓம்" என்றார் அவர். "வாசலுக்கு லைட் ஒண்டு, ரெண்டு பூட்டு. மேல ஒரு பிள்ளை இருக்கிறா, எல்லாத்தையும் மூண்டு தரம் பாப்பா. சத்தம் கேட்டா என்ர அறைக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டு பொலிசுக்கு அடிப்பன். அதுதான் முதல் பாடம். துவக்கு கடைசிப் பாடம். கனபேருக்கு அந்தக் கடைசிப் பாடம் தேவைப்படுறேல்லை."

"அப்ப துவக்கு இருக்குது எண்டுறியள்!"

"அந்தச் சூடை மீனில ஒரு கிலோ போடும்" என்றார் அவர்.

சிரித்துவிட்டு எல்லோரும் மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்து வந்தேன். பயத்தில் கால் நிலத்தில் படவில்லை.

ஏனென்றால் எனக்கு அந்தப் பெட்டியைத் தெரியும்.

அவருடைய கட்டில் தலைமாட்டில், ஒரு தடித்த புத்தகம் அளவில் கறுப்பு இரும்புப் பெட்டி இருந்தது. கம்பி வடத்தால் கட்டில் காலோடு கட்டியிருந்தார். மேலே இலக்கம் எதுவும் கிடையாது. நான்கு விரல்களை வைக்க நான்கு குழி. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஓர் அழுத்தி. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு, கண்ணை மூடிக்கொண்டு கையை அதில் வைத்து நான்கு தரம் அழுத்துவார். டிக், டிக், டிக், டிக். பிறகு மூடி கிளக் என்று திறக்கும். பார்த்துவிட்டு மூடுவார். மேலே என் அறைக்கு நிலத்துப் பலகைக்கூடாக அந்தச் சத்தம் அப்படியே வரும். ஒரு நாளும் பிழை வந்ததில்லை.

அன்று வீடு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஐயா, அந்தப் பெட்டி என்ன?"

"கைத்துவக்குப் பெட்டி" என்றார், சீனி டப்பா என்று சொல்வதுபோல.

அமெரிக்காவில் இருபது வருடங்கள் பெற்றோல் கடையில் வேலை செய்தவர். இரண்டு தரம் கடையில் நெற்றியில் துவக்கு வைத்துப் பணம் பறித்திருக்கிறார்கள். அதன் பிறகு தானும் ஒன்றை முறையாக எடுத்து வீட்டில் வைத்திருந்தார். வகுப்புக்கும் போயிருக்கிறார். படிப்பித்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கொண்டை கட்டி, மூக்கில் கண்ணாடி தொங்க இருப்பாளாம். சுடுவதைப் பற்றிக் கடைசி நாள் வரைக்கும் பேசவில்லையாம். "உன்ர கைக்கு எட்டவேணும், வேற ஒருத்தற்ர கைக்கும் எட்டக்கூடாது. இந்த ரெண்டையும் ஒண்டாச் செய்ய ஏலாதவன் வைச்சிருக்கக்கூடாது" என்றுதான் முதல் நாள் தொடங்கினாளாம். வீட்டில் யார் நித்திரையில் நடக்கிறது, யார் குடிக்கிறது, யாருக்கு மனம் சரியில்லை என்று மூன்று கேள்வி கேட்டவளும் அவள்தான்.

"இப்ப அது எங்க ஐயா? துவக்கு?"

"வித்திட்டன். இஞ்ச அதை வைச்சிருந்தா வருசக்கணக்கில உள்ளுக்கதான். எனக்கென்ன விசரோ?"

"அப்ப பெட்டி வெறுமையோ?"

"வெறுமை இல்லை."

"என்ன இருக்குது?"

"அவசரத்துக்குத் தேவையானது. பிள்ளை, வீட்டில ரெண்டாவது ஆள் ஒருத்தருக்கு இந்தப் பெட்டி துறக்கத் தெரியவேணும். அதுவும் அந்தக் கிழவி சொன்னதுதான். முந்தி என்ர மனுசிக்குத் தெரியும். இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. நீர் ரெண்டாவது ஆளா இரும். துறந்து காட்டுறன்."

"வேண்டாம் ஐயா! எனக்குத் தெரியவேண்டாம்!"

கையெடுத்துக் கும்பிட்டேன்.

என் கணக்கு இதுதான். நான் பார்த்தால் நான் சாட்சி. நாளைக்குப் பொலிஸ் வந்து கேட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் ஊரில் ஆமிக்காரனின் ஒவ்வொரு சென்றியையும் தாண்டி வந்தோம். அவனைத் தெரியுமா? தெரியாது. அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள்? தெரியாது. தெரிந்தவர்கள் வரவில்லை. அந்தப் பழக்கம் லண்டனில் போய்விடுமா?

வேறு அறையும் தேடிப் பார்த்தேன். கிடைத்த இடங்கள் எல்லாம் வாடகை இரண்டு மடங்கு. அத்தோடு, என்னைப் பார்த்துச் சிரிக்காத இன்னொரு மனிதர் எங்கே கிடைப்பார்?

இரண்டாவது தரம் அவர் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்கதவுப் பூட்டை மாற்றிக்கொண்டிருந்தார். நான் ஆணிகளை மேசையில் வைக்க, அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மனைவி கதையைச் சொன்னார்.

"நான் இரவு வேலை முடிச்சுப் பகலில படுக்கிறனான். அவ உடுப்புக் கடையில வேலை, ஆறு மணிக்குத்தான் வருவா. அண்டைக்கு வேளைக்கு வந்திட்டா. பின்கதவாலை. சத்தம் கேட்டு எழும்பினன். பெட்டி ரெண்டு செக்கனில துறந்திட்டுது, எல்லாம் ஒழுங்கா. நடையில போய் நிண்டன். திரைச்சீலைக்குப் பின்னால ஒரு ஆள். நீட்டினன்."

நான் ஆணியைப் பிடித்தபடி இருந்தேன்.

"விரல் வெளியில இருந்தது, பிள்ளை" என்றார். பூட்டில் வைத்திருந்த வலது கையைத் திருப்பிக் காட்டினார். அந்த நேரான விரல். "கிழவி சொல்லித் தந்தது. ஆர் எண்டு தெரியுமட்டும் விரல் விசைக்குள்ள போகக்கூடாது. அதால தப்பினம். அவ ரெண்டு கையிலையும் பால் கான். விழுத்தேல்லை. மெல்ல நிலத்தில வைச்சிட்டு, 'நான்தான்' எண்டா."

"கடவுளே."

"சண்டை பிடிக்கேல்லை. அழேல்லை. சமைச்சா, சாப்பாடு போட்டா. ஆனா அதுக்குப் பிறகு பதினொரு வரியம் இருந்தா, எந்த அறைக்குள்ள வந்தாலும் 'நான்தான்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் வருவா. சொந்தக் குசினிக்குள்ள வாறதுக்கும். நான் சொல்லச் சொல்லேல்லை. சொல்லாதையப்பா எண்டு கும்பிட்டும் பாத்தன்."

"அப்ப ஏன் ஐயா என்னைச் சொல்லச் சொன்னனீங்கள்?"

திருகாணியை நன்றாக இறுக்கி முடித்தார். "பழகிப்போச்சு" என்றார்.

அவ புற்றுநோயில் போனாவாம். செத்தவீடு முடிந்து ஆட்கள் எல்லாம் போன பிறகு, வெறும் வீட்டில் இருந்து கிழவியின் மூன்று கேள்விகளையும் தனக்குத்தானே கேட்டுப் பார்த்திருக்கிறார். "முதல் ரெண்டுக்கும் இல்லை. மூண்டாவது கேள்விக்கு என்ர பேர்தான் வந்தது. அண்டைக்குப் பின்னேரமே கொண்டுபோய்க் கடையில குடுத்திட்டன். கள்ளனுக்காக வைச்ச சாமான். கடைசியில வீட்டில இருந்த ஆபத்தான ஆள் நான்தான்."

பிறகு ஓர் உறையை எடுத்து மேசையில் வைத்தார். நன்றாக ஒட்டியிருந்தது. "பெட்டி துறக்கிற விதம் இதுக்குள்ள இருக்கு. பாக்கவேண்டாம். வைச்சிரும். அவ்வளவும்தான்."

எடுக்காமல் எழும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினேன். திறக்கவில்லை. அவர் சொன்னதை நான் நம்பினேனா என்று கேட்டால், பகலில் நம்பினேன். ஆறு மணிக்கு டிக் டிக் என்று கேட்டதும் நம்பிக்கை போய்விடும். துவக்கில்லாத மனிதர் எதற்காகத் தினமும் பழகுகிறார்?

மாசி மாதத்தில் ஒரு நாள் மூன்று மணிக்கு வந்து கதவைத் திறந்து "நான்தான்" என்றேன்.

பதில் இல்லை.

மறுபடியும் சொன்னேன். இல்லை. அறைக்குள்ளிருந்து பெட்டிச் சத்தம் மட்டும் வந்தது. டிக்... டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். பிறகு நான் ஒரு நாளும் கேட்டிராத ஒரு நீண்ட கூவல். பிழையாக அழுத்தினால் வருகிற சத்தம். மறுபடி டிக், டிக். மறுபடி கூவல்.

ஆறு மணிப் பெட்டி மூன்று மணிக்கு ஏன் திறபட வேண்டும்? அவர் என் குரலைக் கேட்கவில்லை, கள்ளன் என்று நினைத்துவிட்டார், எடுக்கப் போகிறார். என் மூளை அப்படித்தான் ஓடியது. நான் பின்னுக்கு வந்து வாசலுக்கு வெளியே நின்று கதவைச் சாத்திவிட்டேன்.

போனைக் கையில் எடுத்தேன். பொலிசுக்கு அடித்தால் வீட்டில் துவக்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் என் பெயர், என் விலாசம், என் விசா. அடிக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். ஜமேக்காக்காரி குப்பைப் பை கொண்டு வெளியே வந்தவள் என்னைக் கண்டு, "நாந்தான்!" என்று கையைக் காட்டினாள்.

அந்தச் சொல்லை வேறொருத்தி வாயில் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. பால் கானோடு நின்ற பெண்ணை நினைத்தேன். கதவைத் திறந்து, சப்பாத்தோடு ஓடி அறைக்குள் போனேன்.

கட்டில் விளிம்பில் இருந்தார். சேட்டு முழுக்க வியர்வை. இடது கை நெஞ்சில். வலது கை பெட்டியின் மேல் கிடந்து நடுங்கியது. அந்த ஆட்காட்டி விரலும் மற்ற விரல்களோடு சேர்ந்து மடங்கிப்போய்க் கிடந்தது. அதைக் கண்டதும்தான், சுடுவதற்கு அல்ல, நெஞ்சுவலிக்குத்தான் பெட்டியைத் திறக்கப் பார்த்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

பேச முடியவில்லை. கண்ணால் மேலே காட்டினார். பதின்மூன்று படி. அதையும் அவர்தான் எண்ணிச் சொல்லியிருந்தார். ஓடி ஏறி, படத்தை இழுத்து, உறையைக் கிழித்துக்கொண்டே இறங்கினேன். உள்ளே எழுத்து அதிகம் இல்லை. தன் வலது கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு கீறியிருந்தார். நடுவிரலில் ஒன்று, சின்னவிரலில் இரண்டு, மோதிரவிரலில் மூன்று, திரும்பவும் நடுவிரலில் நான்கு. ஆட்காட்டி விரலுக்குள் "இது இல்லை" என்று எழுதியிருந்தது.

அழுத்தினேன். கிளக்.

நாக்குக்கடியில் அடிக்கிற நெஞ்சுவலி ஸ்பிரே ஒன்று. சின்ன டோர்ச். சட்டன் என்ற ஊரில் இருக்கிற மருமகனுடைய தொலைபேசி எண். அடியில், பழுப்பேறிய ஒரு துண்டு. ஒரு கைத்துவக்கு விலைக்கு வாங்கிக்கொள்ளப்பட்டது என்று அமெரிக்கக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டது. நான் லண்டனுக்கு வருவதற்கு முந்திய வருடத்துத் திகதி.

ஸ்பிரேயை அடித்துவிட்டு அம்புலன்ஸுக்கு அடித்தேன். வந்தார்கள். தப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் சொல்ல வாய் வந்தது. "ஐயா, நான் வெளியில நிண்டனான். அஞ்சு நிமிசம்."

"தெரியும். கதவு சாத்தின சத்தம் கேட்டது."

"பயந்திட்டன்."

"என்னைத்தானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவவும் அப்பிடித்தான் பயந்தவ" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீர் திரும்பி வந்தனீர்தானே."

"அந்த ஸ்பிரேயை ஏன் ஐயா பூட்டி வைச்சனீங்கள்? தலகாணிக்கடியில வைச்சிருக்கலாமே!"

"இருட்டில, அவசரத்தில என்ர கை போறது அங்கதான் பிள்ளை. இருபது வரியமாப் பழக்கின கை." பிறகு சிரித்தார். "கை மறந்துபோகும் எண்டு கிழவி சொல்லித் தரேல்லை."

மருமகன் சட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீடு விற்கப்பட்டது. இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். மூன்றாவது தரம் போக இருந்த கிழமையில் மீன்கடைக்காரர்தான் சொன்னார். அன்றைக்கு அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. மீனை மட்டும் வெட்டித் தந்தார். செத்தவீட்டில் மருமகன் அந்தப் பெட்டியை என்னிடம் கொண்டுவந்தான். கையில் தர நீட்டினான். "மேசையில வையுங்கோ தம்பி" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

என் நிரந்தர விசா வந்துவிட்டது. இப்போது வால்தம்ஸ்டோவில் ஒற்றை அறை. பெட்டியைக் கட்டில் காலோடு கட்டியிருக்கிறேன். உள்ளே பாஸ்போர்ட்டும் விசாக் கடிதத்தின் பிரிண்டும் இருக்கின்றன. அவருடைய டோர்ச்சும் இருக்கிறது. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது "நான்தான்" என்கிறேன். அதைச் சொல்லாமல் உள்ளே கால் வைக்க வரவில்லை.

போன மாதம் என் கையையும் தாளில் வைத்துக் கோடு கீறினேன். விரல்களில் இலக்கம் போட்டேன். ஆட்காட்டி விரலுக்குள் "இது இல்லை" என்று எழுதினேன். உறையில் போட்டு ஒட்டி, யாரிடம் கொடுக்கலாம் என்று யோசித்தேன். மீன்கடைக்காரரிடம் கொடுத்தால் தோர்ண்டன் ஹீத் முழுக்கத் தெரிந்துவிடும். சமையலறையில் என்னோடு சட்டி கழுவுகிறவளுக்கு என் முழுப் பெயரே தெரியாது.

உறை கைப்பையில் கிடக்கிறது. பஸ்ஸில் இருக்கும்போது இடைக்கிடை எடுத்துப் பார்ப்பேன். மேலே பெயர் எழுதவில்லை.